ஈரமான டிஸ்க்கை ஆன் செய்யாதீர்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் முதலில் பழக வேண்டியது ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதல்ல. 'போயிடுச்சு' என்ற சொல்லை எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. அந்தமானில், போர்ட் பிளேரில், சுனாமிக்கு முந்தைய வருஷம் கடை போட்டவன் நான். உப்புக்காற்றுக்கும் கரண்ட் கட்டுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அல்லாடும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மணல் புகுந்த டிஸ்க்

செல்வராஜ் மாஸ்டர் தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கே நிலம் வாங்கிக் குடியேறியவர். அலை வந்து சில வாரம் கழித்து, மாஸ்டர் கப்பலேறி என் கடைக்கு வந்தார். போர்வையில் சுற்றிய சிபியூவைக் குழந்தையை இறக்குவதுபோல மேசையில் இறக்கினார். மனைவியை அலை கொண்டுபோய்விட்டது. அந்த அம்மாவின் படங்கள் எல்லாம் இதற்குள் இருந்தன. காப்பி எடுத்த சிடிக்கள் வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர் இருந்த மேசையின் டிராயரில்தான் இருந்தன, மேசையே போய்விட்டது. காப்பி எடுத்தால் வேறு வீட்டில் வையுங்கள், முடிந்தால் வேறு தீவில் வையுங்கள் என்று நான் இன்றும் கத்திக்கொண்டிருப்பது அதனால்தான்.

மூடியைக் கழற்றியதும் மணல் கொட்டியது. "மாஸ்டர், இதை ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றேன். வெயிலில் காயவைத்து, முகாம் ஜெனரேட்டரில் தினமும் போட்டுப் பார்த்தாராம். கடல்நீர் பட்ட டிஸ்க்கைச் சுழலவே விடக்கூடாது. உள்ளே போன ஒரு துளி மணல், படமெல்லாம் பதிந்திருக்கும் தட்டைச் சுரண்டி எடுத்துவிடும். சுரண்டியிருந்தது. பக்குவமாகத்தான் சொன்னேன். போர்வையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அலை வருது, ஓடுன்னு சொல்லவும் அன்னைக்கு ஆள் இல்ல. இத ஆன் பண்ணாதேன்னு சொல்லவும் ஆள் இல்ல. விடுங்க தம்பி."

பின்வரிசை முகம்

அந்த மாதங்களில் ரிப்பேரைவிடப் படவேலைதான் அதிகம் வந்தது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ராமாயி அக்கா, சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தவர், ஒரு கோயில் திருவிழா போட்டோவை நீட்டினார். பின்வரிசையில், ஆட்களின் தோளுக்கு மேலே, மிளகளவில் ஒரு முகம். அலையில் காணாமல் போன கணவர். வேறு படமே இல்லை. மாலை போட்டு மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்க வேண்டும்.

எந்த சாப்ட்வேரும் படத்தில் இல்லாததைக் கொண்டுவராது. பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாக உடையும். ஆனாலும் அவரிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. கட்டங்களை மழுக்கினேன், கண்ணுக்குக் கறுப்பு கொடுத்தேன், மீசையை வேறொரு முகத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். பிரின்டரிலிருந்து வந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நல்லா இருக்காருங்க. ஆனா இவரு யாருங்க?"

பிளாஸ்டிக் உறை

பாராடாங் தீவின் படகு ஜெட்டி அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெங்காலிக்காரர், எங்களுக்கெல்லாம் 'தாதா', அதாவது அண்ணன், மழைக்குப் பயந்து கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டி, சீசன் முழுக்க ஊர் போய்விட்டார். திரும்பி வந்து அவிழ்த்தால் உள்ளே ஆவி கட்டி, போர்டு முழுக்கப் பச்சைத் துரு. நம் ஊர் ஈரத்துக்கு மூடி வைப்பதைவிடத் தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுவதே மருந்து என்றேன். அவர் அந்த போர்டைத் தடவியபடி, எனக்குப் பழகிய அரை இந்தியில் சொன்னார்: "மழையிலேர்ந்து காப்பாத்தினேன் பாய், வேர்வையில மர் கயா, செத்துப்போச்சு."

நின்றுபோன படம்

இது சில வருஷம் கழித்து. எதிர்ப்பக்கம் பாத்திரக்கடை முருகேசன் அண்ணனுக்குச் சிவகங்கைப் பக்கம் ஊர். அப்பா இறந்த செய்தி வந்த அன்று புயல் மழை. விமானம் எல்லாம் ரத்து, கப்பலும் கிளம்பவில்லை. ஈர வேட்டியோடு என் கடைக்கு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஊரில் தங்கச்சி மகன் வீடியோவில் காட்டுவதாக ஏற்பாடு.

சாட்டிலைட்டை நம்பி ஓடும் நம் இணையத்தில் படமும் குரலும் சேர்ந்து வராது. ஒன்றை விட்டால்தான் ஒன்று நிற்கும். "அண்ணே, படத்த நிறுத்திட்டுக் குரல மட்டும் வச்சுக்கலாம்" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கூடத்தில், நெற்றியில் காசு வைத்து, அப்பாவைக் கிடத்தியிருந்தது தெரிந்தது. அப்படியே படம் உறைந்தது. குரல் மட்டும் ஓடியது. சங்கு ஊதினார்கள். பெண்களின் அழுகை உயர்ந்தது. கொட்டுச் சத்தம் வாசலைத் தாண்டித் தெருவில் தேய்ந்துகொண்டே போனது. திரையில் அப்பா கூடத்திலேயே இருந்தார். துண்டித்து மறுபடி கூப்பிடலாம் என்று மவுஸை எடுத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்: "வேணாம்டா. அவரு இன்னும் வீட்டுக்குள்ளதான இருக்காரு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், எந்த உதிரிபாகம் கேட்டாலும் மெயின்லேண்டிலிருந்து எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. ஆள் மட்டும்தான் எப்போதும் ஸ்டாக் இல்லை.