சிவப்பு வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தேவதாஸ் ஜன்னல்களைச் சாத்துவார். இடுக்குகளில் கந்தல் துணியைத் திணிப்பார். மெழுகுவத்தி ஏற்றித் தகரப் பெட்டியைத் திறந்து, கறுப்புத் துணிக்குள் இருக்கும் கல்லை ஒரு நிமிஷம் பார்ப்பார். உடனே மூடிவிடுவார்.

முத்தியால்பேட்டையில் அவருக்குச் சொல்தா, அதாவது சிப்பாய், என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் சமைத்துப் போட்டவர். மற்ற சொல்தாக்கள் சென்ட்டும் கைக்கடிகாரமும் கொண்டுவந்தார்கள்; இந்த மனுஷர் கல் கொண்டுவந்தார். பிரான்சில் ஒரு மலைச் சுரங்க ஊரில் குளிர்காலம் முழுக்கத் தங்கியபோது பிடித்த பைத்தியம் அது. அந்த ஊர்க் கிழவர் ஒருவருக்குக் கடிதம் எழுதியெழுதி, பொலிவியா மலையிலிருந்துகூடக் கல் தருவித்திருக்கிறார். ஈயமோ வெள்ளியோ, கந்தகத்தோடும் பாஷாணத்தோடும் கூடி விளைந்த அபூர்வங்கள். பல்சக்கரம் போல் ஒன்று, ஊசிக்கட்டு போல் ஒன்று.

எல்லாவற்றுக்கும் ராஜா சிவப்பு வெள்ளி. மாதுளை முத்தின் நிறம். வெயில் பட்டால் கறுக்கும், கறுத்தது கறுத்ததுதான். உருக்கினால் எத்தனை கொலுசு தேறும் என்று மில்காரர் அரிகிருஷ்ணன் கேட்டுவிட்டார், பாவம். மூன்று மாதம் அவரோடு பேச்சில்லை.

மனைவி ரஞ்சிதத்துக்குக்கூட மெழுகுவத்தி தரிசனம்தான். அவளும் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

போன வருஷம், 1961இல், அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. நரம்பு பட்டுப்போகிறது, தை பிறப்பதற்குள் முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தேவதாஸ் ஆடிப்போனார். மார்கழியில் ஒரு ஞாயிறு, மெழுகுவத்திக்கு முன்னால் கல்லை நீட்டினார். அவள் கண்ணருகே கொண்டுபோனாள், திருப்பினாள், தடவினாள்.

"ஒண்ணுமே தெரியலீங்க. வச்சிடுங்க, பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' அவர் நெஞ்சை அறுத்துவிட்டது. வெகுநேரம் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அவள் கையைப் பிடித்து முற்றத்துக்கு நடத்திவந்து, சுள்ளென்ற வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கல்லை அவள் கையில் கொடுத்தார்.

"வேணாங்க, கெட்டுப்பூடும்."

"பாரு ரஞ்சிதம்."

அவள் கல்லை உயர்த்திப் பிடித்தாள். நேரம் போயிற்று. உதடு மெல்ல விரிந்தது. "உள்ளாற நெருப்பு இருக்குதுங்க" என்றாள்.

அவர் கல்லைத் திருப்பிக் கேட்கவில்லை. முற்றத்து வெயில் நகர நகர, அவள் நாற்காலியை அதன் பின்னாலேயே நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்.