பல்லுக்குக் கம்பி போடப் போகிறோம்

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு என் மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். முதலில் காய்ச்சல் என்றாள், பிறகு தலைவலி என்றாள், அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அது அப்படியே அடுப்படிக்குத் திரும்பி வரும். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு நடத்துகிறேன். எந்தப் பிள்ளை வீட்டில் அழுதுவிட்டு வந்திருக்கிறது என்று வருகைப் பதிவு எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். என் வீட்டில் இருப்பவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை.

எங்கள் ஊர் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லைங்க. தஞ்சாவூர்ல கவுன்சிலிங் பண்றவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"நம்மகிட்ட பேசாததையா அங்க போய்ப் பேசப்போறா?" என்றார் என் கணவர். சம்பா நட்டு, மழையில் பாதி வயல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. வடிகாலை வெட்டிவிட மண்வெட்டியோடு கிளம்பிப் போய்விட்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வீடு அவருடைய அண்ணன் வீடு. ஓரகத்திக்குத் தெரிந்தால் திருவாரூர் வரைக்கும் சொந்தத்தில் தெரிந்துவிடும். நாளைக்கு இவளுக்கு வரன் வரும்போது யாராவது ஒருவர் அதை எடுத்து நடுவில் வைப்பார். அதனால், முதல் சனிக்கிழமை காலையில் "எங்கடி, அம்மாவும் பொண்ணும் கிளம்பிட்டீங்க?" என்று ஓரகத்தி கேட்டபோது, "இவளுக்குப் பல்லுக்குக் கம்பி போடணும்க்கா. தஞ்சாவூர்ல நல்லா போடறாங்களாம்" என்றேன். மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அங்கே என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆலோசகர் என்னைவிட வயதில் சிறிய பெண். மேசைமேல் ஒரு தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று மகளைக் கேட்டார். "ரெண்டு இட்லி சாப்பிட்டா மேடம்" என்றேன். "என்ன செய்யப் பிடிக்கும்?" என்றார். "கணக்கு நல்லா போடுவா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்களேன்" என்றார்.

வெளியே இன்னும் இரண்டு மூன்று பெற்றோர்கள் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் "உங்களுக்கு என்ன?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். சர்க்கரை எவ்வளவு, என்ன மாத்திரை என்று ஊர்க்கதை தொடங்கிவிடும். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்தோம்.

முடிந்ததும், "என்ன சொன்னா மேடம்?" என்று கேட்டேன்.

"அதை அவளாத்தான் சொல்லணும்ங்க. உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் உங்ககிட்ட மறைக்கமாட்டேன்."

"எப்ப சரியாகும்?"

"தெரியாதுங்க. வரட்டும், பார்ப்போம்."

மருந்துச் சீட்டு கிடையாது. வெறுங்கையோடு பேருந்து ஏறினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கதவு திறக்கும்போது மகளை விட்டுவிட்டு ஆலோசகரின் முகத்தைத்தான் பார்ப்பேன். அவர் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் இந்த வாரம் பிழைத்தோம் என்று அர்த்தம். மனசு ஆறுதலடைய எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

ஆனால் அவள் போனாள். மற்ற நாட்களில் தலை வாராதவள் சனிக்கிழமை தானே எழுந்து குளித்தாள். ஒரு தடவை பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் ஒரு முழுத் தோசையைச் சாப்பிட்டாள். நான் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரமும் கையை விட்டுப் போனால் அவளுக்கு வேறொன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

தெரிந்திருந்தும் அதைச் செய்தேன்.

ஓரகத்தி ஒரு நாள் வீட்டுக்குள்ளேயே வந்து, மகளின் தாடையைப் பிடித்தார். "வாயைத் தொற பார்ப்போம். எங்கடி கம்பி? இத்தனை வாரமா போறீங்க, அந்த டாக்டர் என்ன, கம்பியைக் காய்ச்சி அடிச்சிக்கிட்டிருக்காரா?"

"அளவு எடுத்திருக்காங்கக்கா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஆலோசகரிடமிருந்து நேராக ஒரு பல் மருத்துவமனைக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் கேட்காமல் வந்தாள். சாய்வு நாற்காலியில் படுத்து வாயைத் திறந்தாள்.

"பல்லு வரிசையாத்தானே இருக்கு. எதுக்குங்க கம்பி?" என்றார் பல் டாக்டர்.

நான் பதில் யோசிப்பதற்குள் மகள் சொன்னாள்: "பெரியம்மா கேப்பாங்க டாக்டர். காட்டறதுக்கு ஏதாவது வேணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோலச் சொன்னாள். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

கம்பி போடாமலே திரும்பும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பேருந்து நின்றபோது ஜன்னலைப் பார்த்தபடி, "நான் இனிமே வரல" என்றாள்.

"ஏன்டா?"

"அங்க நான் சொல்றதை நம்புறாங்க. வீட்டுக்கு வந்தா எனக்குப் பல்லு வலி. ரெண்டும் முடியலம்மா."

ரயில் போய், கேட் திறந்து, வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர்ந்தன. ஊர் வரும்வரை நான் பேசவில்லை. பேசினால் மன்னிப்புக் கேட்பேன், கேட்டால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அவள் போர்வையை விலக்கவில்லை. வரமுடியாது என்று சொல்ல ஆலோசகருக்குப் போன் செய்தேன். "அப்ப நீங்க வாங்க" என்றார்.

போனேன். அவள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கீங்க?"

"நேத்துலேருந்து ஒண்ணுமே சாப்பிடல மேடம்."

"நீங்களா?"

"அவ."

"நான் உங்களைக் கேட்டேன்."

வகுப்பில் தெரிந்த கணக்கைச் சொல்லமுடியாமல் எழுந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. நேரம் முழுவதும் அழுகையிலேயே போயிற்று. கிளம்பும்போது, "அவளை எப்படி மறுபடி கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டேன்.

"கூட்டிட்டு வரமுடியாதுங்க. வரலாம்னு அவளுக்குத் தோணணும்."

திரும்பி வந்தபோது ஓரகத்தி வாசலில் நின்றிருந்தார். "என்னடி, தனியா வர்ற?"

"பல்லுக்கு இல்லக்கா. அவளுக்கு மனசு சரியில்ல. அதுக்குத்தான் போறோம். இன்னிக்கு எனக்காகப் போனேன்."

சாலையைப் பார்த்துவிட்டு அவர் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "மெதுவாப் பேசு. யார் காதுலயாவது விழப்போவுது."

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "ம்" என்றாள். வரும் சனிக்கிழமை வருகிறாயா என்று கேட்டதற்கு அந்த "ம்" கூட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை நேரத்தை ரத்து செய்யவில்லை. அவள் எழுந்திருக்காவிட்டால் நான் போவேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் அங்கே இருக்கும் நேரத்தில் அவள் இங்கே தனியாக இருப்பாள் என்பது மட்டும்தான் இப்போது மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.