தேடல் தொடர்கிறது, மாண்புமிகு சபாநாயகரே

பதில் சொல்ல எழுந்ததும் முதலில், எங்கள் தீவுகளில் மரியாதைக்காக உடைமேல் இடுப்பில் சுற்றுகிற பாயின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். காலையில் மனைவி இறுக்கிக் கட்டிவிட்ட முடிச்சு அது, அவிழ்ந்திருக்கவே இருக்காது. ஆனாலும் கேள்வி கேட்ட உறுப்பினர் உட்கார்ந்து, அவை அடங்கி, சபாநாயகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவரை அமைச்சர் லொபெத்திக்குக் கயிற்றில்தான் வேலை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரொம்ப நல்ல கேள்வி" என்பார். அவரிடம் கெட்ட கேள்வி கேட்டவர் எங்கள் நாடாளுமன்றத்தில் இதுவரை ஒருவரும் இல்லை. பதில் வாங்கியவரும் இல்லை என்பதை, பத்திரிகைக்காரர்களின் பெஞ்சில் பல வருடம் உட்கார்ந்து முதுகு வளைந்தவன் என்ற முறையில் நான் சொல்ல முடியும்.

எங்கள் தீவுகளின் வெளியுறவும் பாதுகாப்பும் இந்த ஒரே மனிதர் கையில். வெளியுறவு என்றால் வெளிநாட்டில் இரண்டு தூதரகங்கள், விமான நிலையத்தில் மாலை போட நாலு பேர். பாதுகாப்பு என்றால் ஒரு ரோந்துக் கப்பல், ஒரு பேண்டு வாத்தியக் குழு. கப்பல், பெரிய நட்பு நாடு ஒன்று கொடுத்தது. வாத்தியங்களும் அவர்கள் கொடுத்தவைதான். செவ்வாய்க்கிழமை கேள்வி நேரத்தில் முன்பாதி வெளியுறவுக்கு, பின்பாதி பாதுகாப்புக்கு. முன்பாதியில் கப்பலைப் பற்றிக் கேட்டால், "இது பாதுகாப்பு அமைச்சரக் கேக்க வேண்டிய கேள்வியாச்சே" என்பார். சரியென்று பின்பாதியில் கேட்டால், "கப்பல் நண்பர்கள் குடுத்தது. வெளியுறவு அமைச்சர்தான் சொல்லணும், அடுத்த வாரம் கேளுங்க" என்பார். 'ரெண்டு பேரும் நீதானேய்யா!' என்று பின்வரிசையிலிருந்து யாராவது கத்துவார்கள். "நான்தான். ஆனா தனித்தனியா" என்பார் லொபெத்தி, வயிறு குலுங்க. அவையும் சேர்ந்து சிரிக்கும்.

நல்ல மனிதர் என்றுதான் ஊர் சொல்கிறது. சந்தையில் காரை நிறுத்தி, தானே இறங்கி, வள்ளிக்கிழங்கை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வாங்குவார். தேவாலயப் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர்; எதிர்க்கட்சி பேசும்போது மேசைக்கடியில் அவருடைய சுட்டுவிரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். யார் வீட்டில் காவா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தை நீட்டினாலும் மறுக்க மாட்டார். சாவு வீடென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஒரு பன்றி, ஒரு பாய், ஒரு மூச்சு அழுகை, மூன்றும் நிச்சயம்.

அரசியலுக்கு வருமுன் வானொலியில் கடல் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார். "தெற்க காத்து ஏறுது, யாரும் போகாதீங்க பிள்ளைங்களா" என்று அந்தக் கனத்த குரல் சொன்னால் போதும், கரையோரத்தில் ஒரு படகும் அசையாது. ஏதாவது படகு திரும்பவில்லையென்றால் அதன் பெயரை, அதில் போனவர்களின் பெயரை, விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். வெளித்தீவுக்காரர்கள் அந்தக் குரலுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

மனாசே என்கிற மீனவர் தனியாகச் சூரை மீன் பிடிக்கப் போய் வரவில்லை. அவர் மனைவி சேய்னி மறுநாள் காலையில் துறைமுகத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். சொன்ன நேரத்தில் ரோந்துக் கப்பல் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நட்பு நாட்டிலிருந்து வந்திருந்த கடற்படை அதிகாரிகள் வெள்ளைச் சட்டையில் மேல்தளத்தில் நின்றார்கள். இலையில் பொதிந்த சுட்ட பன்றிகளைத் தூக்கி ஏற்றியதைத் துறைமுகமே பார்த்தது. பேண்டு வாசித்தது. மனாசே போன பக்கம் கிழக்கு. கப்பல் மேற்கே போயிற்று, மணல் திட்டில் விருந்துக்கு.

இதைத்தான் எதிர்க்கட்சி கேட்டது: கப்பல் மனாசேயைத் தேடிப் போனதா, இல்லையா? லொபெத்தி கயிற்றைக் கட்டினார். "ரொம்ப நல்ல கேள்வி. தேடல் தொடர்கிறது, மாண்புமிகு சபாநாயகரே." எங்கே தேடுகிறார்கள்? "அது பாதுகாப்பு ரகசியம்." யார் தேடுகிறார்கள்? "நட்பு நாடுகளோட உறவு சம்பந்தப்பட்ட விஷயம்." எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மீனவனைத் தேடுவதில் என்ன ரகசியம்? எந்தப் பகைவன் காதில் விழுந்துவிடும்? மீன்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயமா? அடுத்த செவ்வாயும் தேடல் தொடர்ந்தது. அதற்கடுத்த செவ்வாயும் தொடர்ந்தது. கப்பல் என்னவோ துறைமுகத்தில் கயிறு கட்டி, பாசி பிடித்துக் கிடந்தது.

பார்வையாளர் மாடம் எங்கள் பெஞ்சை ஒட்டினாற்போல இருக்கிறது. சேய்னி ஒவ்வொரு செவ்வாயும் தேவாலயத்துக்குப் போகிற உடையில், தலையை அழுந்தப் பின்னிக்கொண்டு வந்து உட்காருவாள். ஒருநாள் என் பக்கம் குனிந்து கேட்டாள்: "நீங்க பேப்பர்காரருதானே? அந்தாளுகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. தேடுறாங்கன்னா நான் காத்திருக்கேன். தேடலைன்னா அழுதுட்டுப் போறேன். ரெண்டுல ஒண்ணு. இப்படி நடுவுல நிக்க வச்சா நான் எப்படிங்க சோறு திங்கிறது?"

போதகர் சாவுச் சடங்கு செய்ய மறுத்துவிட்டார். அரசாங்கமே தேடுகிறது என்று சொல்லும்போது நான் எப்படி ஜெபம் படிப்பேன் என்கிறார். மாமியார் வீட்டில் இன்னமும் மனாசேக்குத் தட்டு வைக்கிறார்கள். துக்கப் பாயை எடுத்துப் போர்த்தி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதால், அவரை நீயே கொன்றுவிட்டாயே என்பார்கள். அழாவிட்டால், கல்நெஞ்சுக்காரி என்பார்கள். சாவே இல்லாத வீட்டுக்குச் சாவு விசாரிக்க யாரும் வர வேண்டியதில்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிற நம் அமைச்சருக்கு அதில் எத்தனை நிம்மதி பாருங்கள்.

இந்த நேரத்தில் சேய்னியின் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஃபுசி நின்றாள், ஜெயித்தாள். ஃபுசி யார் என்றால், லொபெத்தியின் பெரியப்பா மகள். எங்கள் வழக்கத்தில் அது கூடப் பிறந்த அக்காவேதான். அக்காவுக்கு எதிரே தம்பி குரல் உயர்த்தக் கூடாது. அவளோடு வாதாடக் கூடாது. அவள் இருக்கும் அறையில் யாராவது வெட்டிப் பேச்சுப் பேசினாலே தம்பி எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவள் கேட்டதை இல்லையென்று சொல்கிற தம்பி எங்கள் தீவுகளில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஊருக்கெல்லாம் ஒரே குஷி. முடிதிருத்தும் கடையில் கத்தரியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப மாட்டினான் பாரு மச்சான்! அக்காகிட்ட எப்படி வழவழா கொழகொழான்னு பேசுவான்?" என்றான் கடைக்காரன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஃபுசி முதல் செவ்வாய் எழுந்தாள். "மனாசேயைத் தேடி ரோந்துக் கப்பல் போனதா?" ஒரே வரி. லொபெத்தி எழுந்தார். கயிற்றைக் கட்டினார். கைகூப்பி இடுப்புவரை குனிந்தார். "கேட்டது என் அக்கா. அக்கா முன்னால வாயாட எங்க அப்பன் என்னைய வளக்கல. மன்னிக்கணும், மாண்புமிகு சபாநாயகரே" என்று சொல்லிவிட்டு, குனிந்த வாக்கிலேயே பின்னால் நடந்து வெளியே போய்விட்டார்.

அவை கைதட்டியது. ஆமாம், தட்டியது! ஆளும் வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் என் பத்திரிகையிலேயே 'மரபு காத்த அமைச்சர்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஆசிரியரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "இது மரபாய்யா? ஒருத்தி வாழ்றாளா அறுத்தாளான்னு தெரியாம தவிக்கிறா. அக்காவக் கும்பிடுற கையால கதவச் சாத்துறான் அந்தாளு. அதுக்கு நீங்க தலைப்பு போடுறீங்க!" என்றேன். ஆசிரியர் காவா குடித்துக்கொண்டிருந்தார். "கோவிச்சுக்காதடா. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். எனக்கு அந்த ஜனங்கள் மேலும் கோபம்தான்.

பெண் பிள்ளைகளுக்கு எங்கள் முன்னோர் கொடுத்த ஒரே பெரிய மரியாதை அது. அதையும் எடுத்துக் குடையாகப் பிடித்துக்கொண்டு இந்த மனிதர் நனையாமல் போகிறார். அடுத்த வாரமும் கும்பிட்டார், போனார். அதற்கடுத்த வாரம் கும்பிடும்போது கொஞ்சம் மெதுவாகக்கூடக் குனிந்தார், புகைப்படக்காரருக்கு வசதியாக.

நடுவில் ஃபுசி வீட்டுக்கு ஒரு முழுப் பன்றியும் மெல்லிய பாய் ஒன்றும் அனுப்பினார். நான் ரொட்டிக்கடைக்குப் போனபோது அவள் முழங்கை வரைக்கும் மாவு. "என்ன இருந்தாலும் அக்காமேல பாசம்தான் அவருக்கு" என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"பாசமா? இந்தப் பன்னிக்குப் பேரு என்ன தெரியுமா? வாய்ப்பூட்டு" என்றாள். மாவை ஓங்கி அறைந்தாள். "மரியாதைன்னா என்னன்னு அவனுக்குச் சொல்லிக்குடுத்தவளே நான். எனக்கே பாடம் எடுக்கறானா?"

"திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பினா நான் மரியாதை கெட்டவள்னு அதுக்கும் ஒரு கும்பிடு போடுவான். சேய்னி தெருவுக்கே வெட்டிப் பங்கு போட்டேன். தின்னுட்டு எல்லாரும் சபைக்கு வாங்கடின்னு சொல்லிட்டேன்."

வந்தார்கள். அந்தச் செவ்வாய் மாடத்தில் இடமில்லை. சேய்னி வழக்கமான இடத்தில், என் பக்கத்தில். கேள்வி நேரத்தின் பின்பாதியில் ஃபுசி எழுந்தாள். லொபெத்தியும் எழுந்தார், கயிறு கட்டினார், கைகூப்பினார், பின்னால் ஓரடி வைத்தார்.

"லொபெத்தி" என்றாள் ஃபுசி.

மாண்புமிகுவும் இல்லை, அமைச்சரும் இல்லை. சின்ன வயதில் அவரை விளையாட்டிலிருந்து கூப்பிட்ட குரலாக இருக்க வேண்டும். அவர் நின்றுவிட்டார்.

"எங்க போற? உக்காரு."

சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். "உறுப்பினர் அவர்கள் அமைச்சரை அப்படிப் பேசக் கூடாது..."

"நான் அமைச்சருகிட்டப் பேசல, அய்யா. என் தம்பிகிட்டப் பேசறேன். அவன்தானே இத்தன வாரமா நான் அக்கான்னு ஊருக்கே சொன்னான்? அக்கா சொல்றேன், உக்காரு."

கைதட்டிய அதே ஆளும் வரிசை இப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டது. கண்ணைத் துடைத்த கிழவர் லொபெத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு அவருக்குப் பின்னால் நாலடி தூரத்தில் இருந்தது. அக்கா உட்கார் என்று சொன்ன பிறகு அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனால், அவர் எந்தத் தேவாலயத்தில் போய்ப் பாடுவார்? திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நாற்காலி சிறியதாகிவிட்டதுபோல ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டார்.

"எங்கூட நீ வாதாட வேணாம்" என்றாள் ஃபுசி. குரல் தணிந்துவிட்டது. "வாயே தொறக்க வேணாம். மனாசேயத் தேடி ஒருநாளாவது, ஒரு பொழுதாவது, அந்தக் கப்பல் போச்சா? எம் மொகத்தப் பாத்துத் தலைய ஆட்டு, போதும்."

லொபெத்தி மேசையைப் பார்த்தார். மேசையில் அவருடைய ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டினார். ஆட்டுகிற தலைக்குச் சத்தம் கிடையாது, அவைக்குறிப்பில் அது ஏறவும் ஏறாது. அது தெரிந்தும் அந்த மனிதர் ஒலிவாங்கியை அணைத்தார். அணைத்துவிட்டு, நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்து, இல்லையென்று தலையை ஆட்டினார்.

ஃபுசி உட்கார்ந்துவிட்டாள். என் பக்கத்தில் சேய்னி, கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய், பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தாள்.