அடித்துவிட்ட மூன்றாவது அளவு

குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் ‘டாக்டரம்மா’ என்றார்கள். மரியாதைக்கு அல்ல, கேலிக்கு. அவர் படித்தது டிப்ளமோ மட்டும். ஆனால் மூன்று மாதப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு அவர்தான் மேற்பார்வையாளர்.

“டாக்டரம்மா, இடுப்பு புடிச்சுக்கிச்சு. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க” என்பார் பம்ப் இயக்குபவர்.

“உனக்குக் குளோரின்தான் மருந்து. வாயைத் தொற” என்பார் இவர், குப்பிகளைக் கழுவிக்கொண்டே.

நான் அப்படி அவரிடம் வந்த நான்காவது ஆய்வாளன். இருபத்திரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தவர், என்னைப் போன்ற படித்தவர்களிடம் மட்டும் தயங்குவார். நாற்காலியைத் துடைத்துப் போடுவார். வாரத் தாளில் ‘மேற்பார்வையாளர் கருத்து’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னையே கேட்பார். கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவரை யாரும் என்னை அப்படி நடத்தியதில்லை.

ஒரு வியாழக்கிழமை, இரண்டாம் வடிகட்டித் தொட்டியின் தண்ணீரை மூன்று முறை அளந்தேன். கலங்கல் இரண்டு முறை அரை அலகுக்கும் கீழே. ஒன்றைத் தாண்டக் கூடாத அந்த அளவு மூன்றாவது முறை மூன்றைத் தாண்டியது. பல்கலைக்கழகத்தில் செய்வதுபோல, ஒட்டாத மூன்றாவதைக் கோடு போட்டு அடித்துவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதினேன்.

“தம்பி, இதை ஏன் அடிச்சிருக்கீங்க?”

“அது விலகல்க்கா. புள்ளியியல்படி சேர்க்கக் கூடாது.”

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவை அளந்துடலாமா?”

“தேவையில்லக்கா.”

நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். என் படிவங்களில் என் அம்மாவும் இப்படித்தான் போடுவார்.

நான் அடித்துவிட்ட அளவுதான் உண்மை; தொட்டியின் மணல் படுகை பிளந்திருந்தது. சனிக்கிழமை கலங்கல் தண்ணீரே வீடுகளுக்குப் போனது. ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். ஒருவர் தீவிர சிகிச்சைக்குப் போனார்.

விசாரணைக்கு முதல் நாள் என் பல்கலைக்கழக வழிகாட்டி போனில் சொன்னார்: “கையெழுத்து அவங்களோடது. நீ வாயே தொறக்காதே.”

நேராக அக்காவிடம் போய், விசாரணையில் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“என்னன்னு சொல்லுவீங்க? நான் கேட்டேன், நீங்க சொன்னது புரியாமலே போட்டுட்டேன்னா? வேண்டாம் தம்பி. அவசரத்துல பார்க்கலைன்னு எழுதிக் குடுத்துட்டேன். கவனக்குறைவுன்னா ஆறு மாசம் சஸ்பெண்டு, திரும்பி வந்துடலாம். புரியலைன்னு தெரிஞ்சா இந்தக் கூடத்துக்குள்ளயே விட மாட்டாங்க. உங்க கால்ல வேணா விழுறேன்.”

“ஐயோ, அக்கா!”

“சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

மறுநாள் விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார்: “இவங்க தாளைப் பார்த்தாங்களா, இல்லையா?”

அக்கா என்னையே பார்த்தார். இல்லை என்ற ஒரு சொல் போதும். அவரும் பிழைப்பார், நானும் பிழைப்பேன். நானும் பிழைப்பேன் என்பதுதான் உறுத்தியது.

“பார்த்தாங்க சார். மறுபடி அளக்கலாமான்னு கேட்டாங்க. நான்தான் தடுத்தேன். தப்பு என்னோடது.”

அதிகாரி எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, “படிச்ச பையன், நேர்மையா ஒத்துக்கிட்டே” என்றார். அக்கா பக்கம் திரும்பி, “பயிற்சிக்கு வந்த பையன் தடுத்தா விட்டுடுவீங்களா? புரியாத விஷயத்துக்கு எப்படிம்மா கையெழுத்துப் போட்டீங்க? உங்களை யாரு மேற்பார்வைக்குப் போட்டது?” என்றார்.

அன்றே அவரைக் குழாய்க் கிடங்குக்கு மாற்றினார்கள், நிரந்தரமாக. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும்.

நடைவழியில் அவர் பின்னாலேயே ஓடினேன். “அக்கா, உங்களைக் காப்பாத்தத்தான்...”

“என்னையா?” என்றார், திரும்பாமலே. “நான் உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு.”

அவர் படியிறங்கிப் போய்விட்டார். அவருக்காகச் சொன்னேனா, என் பாரம் இறங்கச் சொன்னேனா? எத்தனை முறை கேட்டுப் பார்த்தாலும் பதில் அவர் பக்கம் வர மறுக்கிறது.