பொர்தோவில் பார்த்துச் சொல்ல வேண்டியவை

பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த நாற்பது பக்க நோட்டு அது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், 'பொர்தோ பட்டணத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியவை' என்று தலைப்பு. அதன் கீழே பதினொரு விஷயங்கள். போன மாதம் பேரனை ஓசூர்த் தொழிற்சாலைக்காரர்கள் இரண்டு வாரப் பயிற்சிக்குப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். போன இடம் அதே பொர்தோ. ஞாயிற்றுக்கிழமை என்னென்ன சுற்றிப் பார்க்கலாம் என்று செல்போனில் ஒரு பட்டியலை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினான். கல் பாலம் என்று அவன் வாயெடுத்ததும், "பதினேழு வளைவு, எண்ணிப் பாத்துக்கோ" என்றேன். மணிக்கூண்டு என்றதும், "அது கோயிலோட ஒட்டாம தனியா நிக்கும்" என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அறுபது வருடம் ஆகப்போகிறது, அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் இன்னும் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

பொர்தோவை எனக்குச் சொன்னவர் என் மாமியார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி, மாதா கோயிலைச் சுற்றி அறுபது எழுபது வீடுகள் கொண்ட வேதக்காரர் ஊர் எங்களுடையது. பங்குச் சாமியார் இருந்த வீட்டைப் பங்களா என்போம். அத்தை அங்கே சமையல் வேலை பார்த்தார். முப்பது வயதில் தாலியறுத்து, ஒரே மகனை வளர்த்து, லாரி ஓட்டுநராக்கி, எனக்குக் கட்டி வைத்தவர். பங்களா வேலை போக, ஊரில் பிரசவம் பார்ப்பதும் அவர்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று ஊரில் சொல்வார்கள். சோறு தின்பதுகூட நின்றபடிதான். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு யாராவது மாடு பிடிக்கப் போனால், இவருக்கு மாடும் கிடையாது கன்றும் கிடையாது, கூடவே கிளம்பிவிடுவார். கன்னடமும் தெலுங்கும் அப்படிச் சுற்றிச் சுற்றிக் கற்றவைதான். எழுதப் படிக்க மட்டும் வராது.

சாமியார் பிரெஞ்சுக்காரர். பொர்தோவில் பிறந்து, வாலிபத்தில் இங்கே வந்தவர், முப்பத்தைந்து வருடமாகத் திரும்பிப் போகவில்லை. செபப் புத்தகத்தை வைத்துத் தமிழ் கற்றதால் உப்பு வேண்டும் என்றாலும் செபம் சொல்வது போலத்தான் கேட்பார். பங்களாவுக்குப் பின்னால் ஆறு வரிசை திராட்சைக் கொடி போட்டிருந்தார். ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ரோஜாச் செடி. பூவெல்லாம் மாதாவுக்கு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. கொடிக்கு வரப்போகிற நோய் முதலில் ரோஜாவில் தெரியும், அது அவர்கள் ஊர் வழக்கம் என்று அத்தைதான் எனக்குச் சொன்னார். அந்தப் பழத்தைப் பிழிந்துதான் பூசைக்குத் திராட்சை இரசம் செய்வார். மதுவிலக்கு இருந்த காலம். பூசைக்கு மட்டும் சர்க்கார் அனுமதி உண்டு.

நான் கல்யாணமாகி வந்தபோதே சாமியாருக்கு இரண்டு கண்ணும் மங்கியிருந்தன. பூசை மனப்பாடம் என்பதால் பீடத்தில் தடுமாற மாட்டார். மற்றதற்கெல்லாம் அத்தைதான் கண். "பார்த்துச் சொல், மகளே" என்பார், இவர் சொல்வார். பூசைக்கு யார் வந்தார்கள், யார் வீட்டுக் குழந்தை இளைத்திருக்கிறது, கொடியில் காய் என்ன நிறம், எல்லாம். அத்தைக்குப் பூசி மெழுகத் தெரியாது, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாரையும் விட மாட்டார். "பீடத்துத் துணி அழுக்கா கெடக்குது சாமி. உபதேசியார் வூட்ல நேத்து சண்டை போல, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு நிக்கறாரு" என்பார். சாமியார் சிரிக்கிற சிரிப்பு எங்கள் வீட்டு வாசல் வரை கேட்கும்.

அறுபத்தெட்டில் சாமியாரின் தங்கை பொர்தோவிலிருந்து கடிதம் போட்டார். அங்கே வந்து கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், துணைக்கு ஓர் ஆளையும் அழைத்து வரலாம், பயணச் செலவு தன்னுடையது என்று. சாமியார் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை, அத்தையைத்தான் கேட்டார். ஆபரேஷன் பலிக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. பிறந்த ஊரில் ஒவ்வோர் இடமாகப் போய் நிற்க வேண்டும், அது எப்படி இருக்கிறது என்று அத்தை பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அத்தை பார்த்தால் பொய் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

நோட்டு அப்போது வாங்கியது. சாமியார் பொழுது சாய்ந்தால் ஒன்றொன்றாகச் சொல்வார், அத்தை ஓட்டமாக வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்வார், நான் எழுதுவேன். ஆறு அந்த ஊருக்குள் பிறைபோல வளைந்து போகிறது. காலையில் வளைவில் நின்று, தண்ணீர் இன்னும் சேற்று நிறம்தானா என்று பார்க்க வேண்டும். பாலத்துக்குப் பதினேழு வளைவு, சரியா என்று எண்ண வேண்டும். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஏறி, எந்தப் பக்கம் எவ்வளவு வீடு பெருகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தில் ரோஜாவை இன்னும் வைக்கிறார்களா? மேலே கருகி உள்ளே மெத்தென்று இருக்கும் சின்னக் கேக்கைத் தின்று, கருகல் பதமாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அவருடைய தாயார் கல்லறையில் பெயர் அழியாமல் இருக்கிறதா? இன்னொரு மணிக்கூண்டின் அடியில் காய்ந்துபோன பழைய பிணங்களை நிறுத்தி வைத்திருப்பார்களாம், சின்ன வயதில் காசு கொடுத்துப் பார்த்தாராம். "பொணம் பாக்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமா? அத எழுதாத கண்ணு" என்றார் அத்தை. நான் எழுதினேன். பதினொன்றாவது அதுதான்.

பாஸ்போர்ட்டுக்கு மெட்ராசுக்கு எழுதிப் போட்டார்கள். இனிப் போலீஸ் விசாரணை வர வேண்டும். அத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை ரோட்டுக்குப் போய்த் தபால்காரர் வருகிறாரா என்று பார்ப்பார். உலை கொதிக்கும்போதே போய்விடுவார். நான் போய் இறக்கி வைப்பேன்.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். என்னைப் பெற்றவள் என் தம்பியைப் பெறும்போது செத்தாள். எனக்கு ஒன்பது வயது, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் கத்திய சத்தம் அடங்கிப்போனதை நான் கேட்டேன். வீட்டுக்காரர் மாதத்தில் இருபது நாள் லாரியில். பயணத் தேதியோ என் ஒன்பதாம் மாதத்தில் விழுந்தது. "மிஷன் ஆஸ்பத்திரியில சொல்லி வெச்சிக்கறன். ஒண்ணும் ஆவாது போ" என்றார் அத்தை. போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடும்போது நான் எப்படிச் சொல்வேன்? பாலத்துக்குப் பதினேழு வளைவு என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சாமியாரின் தங்கைக்குக் கொடுக்க அத்தை தேர்ந்தெடுத்தது, எங்கள் கொடியின் இரசத்தில் ஒரு பாட்டில். இரசத்துக்கே பேர்போன ஊருக்கு அது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். சாமியார் சிரித்துவிட்டுச் சரி என்றார். பெங்களூர்க் கன்னியர் மடத்தில் அவர் ஊர்க்கார அம்மா ஒருவர் இருந்தார். கொண்டுபோகிற தரத்தில் இருக்கிறதா என்று முதலில் அவர் ருசி பார்க்கட்டும் என்று ஏற்பாடு. பயணத்துக்காக அம்மை ஊசி போட்டுக்கொள்ள அத்தை எப்படியும் பெங்களூர் போக வேண்டியிருந்தது. வழியில் கேட்டால் காட்டு என்று, 'இது பூசைக்கான இரசம்' என உபதேசியாரை ஒரு கடிதம் எழுதச் சொல்லி, ஊதா மையில் சிலுவை முத்திரை வைத்துக் கொடுத்தார் சாமியார். அத்தைக்கு வேடிக்கையாக இருந்தது. "பூசைக்கு வெக்கறத எவன் சாராயம்னு சொல்லப்போறான்?" என்றார். எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது மது என்ற நினைப்பே கிடையாது. அந்த நினைப்பு இல்லாதது பாதியைக் கெடுத்தது. மீதியைக் கெடுத்தது நான்.

பை அடுக்கியது நான்தான். மாற்றுச் சேலை, கட்டுச்சோறு, துண்டில் சுற்றிய பாட்டில். கடிதம் மேசைமேல் இருந்தது. எடுத்தேன். எடுத்து என் பெட்டியில், ஒரு சேலை மடிப்புக்குள் வைத்துவிட்டேன். செக்போஸ்டில் பிடிப்பார்கள் என்று திட்டம் போடும் புத்தியெல்லாம் எனக்கு அன்று இல்லை. ஏதாவது ஒன்று எங்காவது இடறட்டும் என்று நினைத்தேன். அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

மடத்து அம்மா அன்றைக்கு ஊரில் இல்லை. அத்தை முழுப் பாட்டிலோடு சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். பெங்களூர்ப் பக்கத்தில் சாராயக் கடை திறந்திருந்தது, எங்கள் பக்கம் மூடியிருந்தது. அதனால் எல்லையில், அங்கிருந்து வருகிற பஸ்களைத்தான் துழாவுவார்கள். எதையாவது வைத்திருப்பவர்கள் இப்போதே வெளியே கொட்டிவிடுங்கள் என்று கண்டக்டர் தெலுங்கில் சொன்னாராம். இரண்டு பேர் கொட்டினார்களாம். அத்தை கொட்டவில்லை. பீடத்துக்கு வைக்கிறதை ரோட்டில் ஊற்ற மாட்டேன் என்றுவிட்டார். போலீஸ்காரர் ஏறியதும் தானாகவே பாட்டிலை எடுத்துக் காட்டி, "இது எங்க சாமியார் செஞ்சது, பூசைக்கு" என்றிருக்கிறார். காகிதம் கேட்டார்கள். பையைக் கவிழ்த்துத் தேடினார். பெங்களூர் பஸ்ஸில் பாட்டிலோடு வந்தவர் எல்லாரும் சொல்லும் கதைதானே என்று நினைத்து, அத்தையை இறக்கி வழக்குப் போட்டு, இரவு ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் சாமியார் உபதேசியாரின் கையைப் பிடித்துக்கொண்டு போய் அத்தையை அழைத்து வந்தார். வேறு கடிதமும் எழுத வைத்துக் கொடுத்தார். மூன்று வாய்தாவில் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் முதல் வாய்தாவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் பாஸ்போர்ட் விசாரணை வந்தது. வழக்கு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள், பாஸ்போர்ட் நின்றுவிட்டது. கடிதம் எங்கே என்று அத்தை என்னைக் கேட்டார். பையில்தான் வைத்தேன், விழுந்திருக்கும் என்றேன். நான் சொன்னதை அப்படியே நம்பி, "பஸ்ஸுல துழாவும்போது உழுந்துருக்கும்" என்று சாமியாரிடமும் சொன்னார்.

அந்தக் கடிதத்தை அடுப்பில் போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். சிலுவை முத்திரையை எரிக்கக் கை வரவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்து தொலைக்கலாம் என்றால், கேட்கிறவர் அதே சாமியார். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து போவார்கள், பாவத்தோடு வாங்கக்கூடாது என்று நான் பெஞ்சியிலேயே இருப்பேன். மாசமாக இருப்பவளுக்கு மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாமியார் சொன்ன தேதியில் கிளம்பினார். மேல்படிப்புக்கு ரோமாபுரி போகிற ஓர் இளம் சாமியார் துணைக்கு. அவருக்குப் பொர்தோவில் இரண்டு நாள்தான் இருக்க முடியும். காரில் ஏறும்போது அத்தையின் தலையில் கை வைத்துவிட்டு, "யார் வந்திருக்கிறார்கள், பார்த்துச் சொல், மகளே" என்றார். அத்தை ஒவ்வொரு பெயராகச் சொன்னார். என் பெயரையும் சொன்னார். கார் போன பிறகு கொடிகளுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் காலையில் எனக்கு வலி எடுத்தது. ஒரு பகல் முழுக்கக் கிடந்தேன். பிள்ளை திரும்பியிருந்தது, அத்தை கைதான் அதை நேராக்கி எடுத்தது. பெண் குழந்தை. அத்தை அன்று வேறு எங்காவது இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நான் செய்தது சரியாகிவிட்டது என்று இதைச் சொல்லவில்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

குழந்தை தவழ ஆரம்பித்திருந்தபோது செய்தி வந்தது. ஆபரேஷன் பலிக்காமல், தங்கை வீட்டு அறையை விட்டு அதிகம் வெளியே போகாமல், சாமியார் அங்கேயே இறந்துவிட்டார். துக்கப் பூசை முடிந்ததும் அத்தை என்னையும் குழந்தையையும் கிளப்பிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினார். எங்கே என்று கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறி, பாரூர் ஏரியில் போய் இறங்கினோம். மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தது. கரைமேல் ஏறி நின்று, தண்ணீரைப் பார்த்து, யாரோ பக்கத்தில் நிற்பது போல அத்தை பேச ஆரம்பித்தார். "தண்ணி சேத்து நெறம்தான் சாமி. கரை வளைஞ்சிதான் போவுது. அந்தாண்ட கரும்பு, இந்தாண்ட நெல்லு. வாய்க்கா மதகு மட்டும் ஒடைஞ்சி கெடக்குது, எவனும் கட்டல." பங்களாவில் பேசுகிற அதே குரல்.

என்னால் தாங்க முடியவில்லை. "அத்தை, அந்தக் கடுதாசி கீழ உழல. நான்தான் எடுத்து வெச்சிக்கினேன்" என்றேன்.

அவர் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "உனக்கு வலி வந்த அன்னிக்கி, பழந்துணி எடுக்க உன் பொட்டியத் தொறந்தன். படிக்கத்தான் தெரியாது, சாமியார் முத்திரை தெரியாதா எனக்கு?"

"அப்பவே ஏன் கேக்கல?" என்றேன்.

"உள்ள நீ கத்திக்கினு கெடக்கற. கேட்டுட்டு வந்தா கை நடுங்கும். நடுங்கற கையால புள்ளைய எடுக்க முடியாது" என்றார். குழந்தையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அப்புறமும் கேக்கணும்னுதான் இருந்தன். இவள தூக்கும்போதெல்லாம், நாளைக்குக் கேட்டுக்கலாம்னு உட்டுட்டன்."