ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கூடு

சிவமண்ணை இருந்தார். கடை முதலாளி. கலா இருந்தாள். டில்லில் நின்று காசு வாங்குபவள். மணியம் இருந்தார் — மலேசியாக்காரர், படிக்க வந்து இங்கேயே தங்கியவர், இப்போது கவுன்சிலில் இன்ஜினியர், சனிக்கிழமை தவறாமல் மீனுக்கு வருபவர். நான் இருந்தேன். மீன் வெட்டுகிறவன்.

வேறு ஒருவரும் இல்லை. வெளியே மழை.

எங்கள் கடை மனோர் பார்க்கில் இருக்கிறது. முன்னால் மரக்கறி, பின்னால் மீன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கொம்பியூட்டர் ஒன்று. சாமான் ஓடர் பண்ண வாங்கியது. அதில்தான் மணியம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரல் தொடக்கம் அது.

"அண்ணே, இத வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு மரம். உச்சியில் சுள்ளிக் குவியல். அதன்மேல் ஒரு பறவை.

"ஸ்கொட்லாந்துல ஒரு ஏரிண்ணே. மரத்துல கேமரா வச்சிருக்காங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு படம் மாறும்."

வெள்ளை நெஞ்சு. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. எனக்குத் தெரிந்த ஆள்தான்.

"விராலடிப்பான்," என்றேன்.

"உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"வலைக்கு மேல சுத்தும். எங்களுக்குப் போட்டிக்காரன்."

நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். பதினெட்டு வருடம் கடல். அந்தப் பறவை மாரிக்கு வரும், பிறகு காணாமல் போகும். எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதற்கு ஒரு வீடு இருக்கும் என்று யோசிக்கவும் இல்லை. ஐம்பது வயதில், கை நிறையச் செதிலோடு நின்று, அதன் வீட்டைப் பார்க்கிறேன். மணியம் திருத்தினார் — இந்தப் பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறவை, எங்கள் பக்கம் வருவது வேறு கூட்டம். ஆனால் எல்லாம் குளிர் தேசத்தில்தான் குஞ்சு பொரிக்குமாம். சரி. ஒரே சாதிதானே.

ஆண்தான் முதலில் வந்திருந்தது. ஒன்பது நாள் தனியே நின்றது. சுள்ளி கொண்டுவரும். வைக்கும். பார்க்கும். பிடிக்காது. தூக்கி வேறு பக்கம் வைக்கும்.

"வீடு கட்டுறவை எல்லாரும் உப்பிடித்தான்," என்றார் சிவமண்ணை. "நான் கிச்சினை மூண்டு தரம் இடிச்சனான்."

பத்தாம் நாள் பெண் வந்தது. அதன் பிறகு கடையில் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. அரிசி எடுக்கப் போகிறவர் அந்தப் பக்கத்தால் போவார். ரீ குடிக்கிறவர் அங்கே நின்று குடிப்பார்.

ஏப்ரல் கடைசியில் முட்டைகள். கலாதான் முதலில் எண்ணினாள்.

"மூண்டு," என்றாள். மெதுவாக. பிறகு டில்லுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

கலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது. புருஷன் ரவி மினிகாப் டாக்ஸி ஓடுகிறான். கலியாணம் முடித்துப் பதினொரு வருடம். மூன்று தரம் பிள்ளை தங்கி, மூன்றும் போனது. கடைசியானது ஆறாம் மாதத்தில்.

இது கடையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கதைத்ததில்லை.

இந்த வருடம் மார்ச்சில் அவள் அரிசி மூட்டை தூக்குவதை விட்டாள். கடையில் உடுப்புக்கு மேலே போடும் கோட்டு ஒரு சைஸ் பெரிதானது. நாங்கள் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. சிவமண்ணை மட்டும், டொக்டர் தன்னை எக்சசைஸ் செய்யச் சொன்னார் என்று ஒரு கதை விட்டு, மூட்டை எல்லாம் தானே தூக்கினார். அவருக்கு முதுகு நோ. எந்த டொக்டர் அப்படிச் சொல்லுவார்?

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. கெட்டதை மறைப்போம், அது எல்லோரும் செய்வதுதான். நாங்கள் நல்லதையும் மறைப்போம். வாயில் வந்தால் நாவூறு பட்டுவிடும் என்று பயம். வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு சொக்ஸ்கூட முன்னதாக வாங்க மாட்டோம். கடைசியில் என்ன நடக்கும்? எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எல்லோருக்கும் நடுவில், துணி போட்டு மூடியபடி இருக்கும். எல்லோரும் சுற்றிப் போவோம்.

முட்டைக்கு மேல் பெண் இருந்தது. ஆண் மீன் கொண்டுவந்தது. ட்ரவுட். நான் எட்டிப் பார்த்தேன். தொழில் பழக்கம்.

"தலையைக் காணேல்லை."

"தலைய அது சாப்புட்டுட்டுத்தான்ணே மீதிய கொண்டு வரும்," என்றார் மணியம். "எப்பவும் அப்படித்தான்."

கலா டில்லில் இருந்தபடியே கேட்டாள்:

"மணியமண்ணை, உங்கட வீட்டில மீன்தலை ஆருக்கு?"

"எனக்குத்தான்லா. அது வீட்டு ரூல்."

"பிறகென்ன. பறவையை ஏன் குறை சொல்லுறியள்?"

மணியம் அன்று ஒரு பெரிய பாரை வாங்கினார். தலையைத் தனியாகச் சுற்றித் தரச் சொன்னார். மனைவிக்காம்.

ஜூன் பிறக்கும்போது குஞ்சுகள் வெளியே வந்தன. ஒன்று. அடுத்த நாள் ஒன்று. மூன்று நாள் கழித்து மூன்றாவது. கடைக்குட்டி மிகச் சின்னது. மற்ற இரண்டும் கழுத்தை நீட்டினால் அதன் தலை தெரியாது. தாய் மீனைக் கிழித்து வாயில் தீத்தும். பெரியதுகள் வாங்கும். மிச்சம் இருந்தால் சின்னதுக்கு.

"சின்னனுக்குக் குடடி," என்பாள் கலா, ஸ்கிரீனைப் பார்த்து. ஒரு கை கோட்டுக்கு மேல் இருக்கும்.

நானும் சொல்லிக்கொண்டுதான் நின்றேன். வாய் விட்டு இல்லை... அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நானும் வாய் விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

கலாவுக்கு அது ஆறாம் மாதம்.

ஜூன் நடுவில் மழை பிடித்தது. இங்கும் மழை, அங்கும் மழை. நாலு நாள். ஏரி கலங்கிவிட்டது, ஆணுக்கு மீன் தெரியவில்லை. தாய் இரண்டு சிறகையும் விரித்துக் குடை மாதிரி நின்றது. அரை நிமிடத்துக்கு ஒரு படம். எல்லாப் படத்திலும் ஒரே நிலை. அசையவே இல்லை.

செவ்வாய்க்கிழமை கலாவுக்கு லீவு. அன்று காலை சிவமண்ணை படத்தைப் போட்டார். மழை விட்டிருந்தது. தாய் ஒரு பக்கமாக நின்றது. இரண்டு கழுத்து நீண்டிருந்தது. மூன்றாவது, கூட்டின் ஓரத்தில், நனைந்த துணி மாதிரிக் கிடந்தது.

அடுத்த படம் வரும் என்று நின்றோம். வந்தது. அப்படியேதான் கிடந்தது.

மத்தியானம் மணியம் கடைக்குப் போன் எடுத்தார். "அண்ணே, பாத்தீங்களா? தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க." பாருங்கள்... அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சிவமண்ணை போனை வைத்தார். யோசித்தார். குனிந்து சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினார்.

"இன்டர்நெட் இல்லை," என்றார். "கேட்டால் அப்பிடிச் சொல்லு."

அந்த வயரில்தான் கார்ட் மெஷினும் ஓடுகிறது. அதை அவர் பிறகுதான் யோசித்தார். யோசித்தும் திரும்பக் கொழுவவில்லை.

புதன்கிழமை கலா வந்தாள்.

"படம் வரேல்லையோ?"

"லைன் பழுது," என்றார் சிவமண்ணை. "வந்து பாப்பினமாம்."

"ஓ," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

நாலு நாள் கார்ட் எடுக்கவில்லை. கார்டை நீட்டிய சனத்தை எல்லாம் மூலைக் கடை மெஷினில் காசு எடுத்து வரச் சொன்னோம். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. சிவமண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் வயரின் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மணியம் வந்து கிரிக்கெட் பேசினார். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது.

அன்று பின்னேரம், கடை பூட்டும் நேரம், கலாவுக்கு வழக்கம்போல மீன் சுற்றி வைத்தேன். ஐஸ் பெட்டியில் நல்ல சின்னச் சுறா ஒன்று இருந்தது. கை அதை எடுத்தது. கழுவியது. துண்டு போட்டது. யோசிக்காமல் செய்த வேலை.

கலா பையை விரித்துப் பார்த்தாள்.

"அண்ணை."

"என்ன பிள்ளை?"

"இது சுறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுறாவை அவித்து உதிர்த்து வறுக்கும் வறை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. பால் சுரக்கும் என்று. பிள்ளை கிடைத்த பிறகுதான். முன்னால் இல்லை.

"இது பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிறது," என்றாள்.

நான் கத்தியைக் கழுவினேன். கழுவிய கத்தியைத்தான் கழுவினேன். சிவமண்ணை வெங்காயம் அடுக்கினார்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"நீ அரிசி மூட்டையை விட்ட நாள்," என்றேன்.

"மார்ச்சிலயோ?"

"எனக்கு அதுக்கும் முதல்," என்றார் சிவமண்ணை, வெங்காயத்தைப் பார்த்தபடி. "பால் ரீ குடிக்கிறனி. ஒருநாள் பால் மணக்குது எண்டு பிளேன் ரீ கேட்டனி."

கலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதிரையில் இருந்தாள். இருந்ததும் சிரிப்பு நின்றது.

"வயரைக் கொழுவுங்கோ அண்ணை. சின்னன் போனது எனக்குத் தெரியும்."

சிவமண்ணை திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை லைப்ரரியில பாத்தனான். இந்தாள் தாங்காது எண்டுதான் சொல்லேல்லை." என்னைக் காட்டினாள். "நாள் முழுக்கச் சின்னன் சின்னன் எண்டு புறுபுறுத்துக்கொண்டு நிண்டது இவர்தானே."

இரண்டு ஆண்கள் ஒருத்தியைக் காப்பாற்ற வயர் பிடுங்கினோம். அந்த நாலு நாளும் அவள் எங்களைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். இதை என்னவென்று சொல்வது?

"அழுதனியோ?" என்று கேட்டேன்.

"லைப்ரரியில அழ ஏலாது. வீட்டை போய் அழுதனான். ரவி பயந்துபோனார்." மூக்கைத் துடைத்தாள். "புதன்கிழமை வேலைக்கு வர முதல் திரும்பவும் போய்ப் பாத்தனான். அவள் மற்ற ரெண்டுக்கும் தீத்திக்கொண்டு நிக்கிறாள். செத்தது பக்கத்தில கிடக்கு. அவள் தீத்திக்கொண்டு நிக்கிறாள்."

சிவமண்ணை வெங்காயத்தை விட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு இருபத்துநாலு கிழமை," என்றாள். "வாற செவ்வாய் ஸ்கேன். பயமாக் கிடக்கு அண்ணை."

ஆறு மாதத்தில் முதல் தரம் அந்தத் துணியை எடுத்தது அவள்தான். நாவூறு என்று நாங்கள் பயந்திருந்த சொல்லைச் சொன்னாள். கூரை இடியவில்லை.

"நான் வாறன்," என்றார் சிவமண்ணை. "ரவிக்கு வேலை எண்டால் நான் கூட்டிக்கொண்டு போறன்."

"கடை?"

"கடையை இந்தாள் பாக்கும்."

குனிந்து வயரைக் கொழுவினார். கார்ட் மெஷின் ஒரு சத்தம் போட்டது. படம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கூடு. தாய். இரண்டு கழுத்து, முன்னையைவிட நீளமாக. மூன்று பேரும் நின்று பார்த்தோம். சுறாவை எடுத்து, விளைமீன் சுற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

செவ்வாய் ஸ்கேன் நல்லது. அதற்கடுத்ததும் நல்லது. பிள்ளை கொஞ்சம் சிறிது, கவனமாக இருக்க வேண்டும் என்றார்களாம். ஜூலைக் கடைசியில் கலா லீவில் போனாள். அதே கிழமை முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. இரண்டாவது நாலு நாள் தாமதம். விளிம்பில் நிற்கும், சிறகை அடிக்கும், திரும்ப உள்ளே போகும். மணியம் வேலையிலிருந்து போன் எடுத்துக் கேட்பார்: "போயிருச்சாண்ணே?" இல்லை என்பேன். ஐந்தாவது தரம் கேட்டபோது போயிருந்தது.

ஓகஸ்டில் தாய் முதலில் புறப்பட்டது. ஆண் நின்றது. குஞ்சுகளுக்கு மீன் கொண்டுவந்து போட்டது. பிறகு அதுகளும் போயின. கடைசியாக அதுவும். படத்தில் சுள்ளி மட்டும்தான். நாங்கள் அதையும் பார்த்தோம். பழகிவிட்டது.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கடைப் போன் அடித்தது. நான் ஒரு அம்மாவுக்கு அறக்குளா மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சிவமண்ணை எடுத்தார்.

"ஓம்... ஓம்... ஓமடா தம்பி..."

கத்தியை வைத்தேன்.

போனைக் கையால் பொத்தினார். "பொம்பிளைப் பிள்ளை."

"கலா?"

"சுகம். நாலு கிழமை முந்திப் பிறந்திட்டுதாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கினமாம். தானே மூச்சு எடுக்குதாம்."

"நிறை எவ்வளவு?" என்றேன்.

அவர் ரவியிடம் கேட்டார். ரவிக்கு மறந்துவிட்டது. நர்ஸிடம் கேட்கப் போனான். நாங்கள் நின்றோம். அறக்குளா அம்மாவும் நின்றா. ஆர், என்ன என்று அவவுக்குத் தெரியாது. ஆனாலும் பையை மடித்துப் பிடித்துக்கொண்டு, எங்களோடு சேர்ந்து காத்து நின்றா.

ரவி வந்தான். சிவமண்ணை கேட்டார். திரும்ப ஒருதரம் சொல்லச் சொன்னார்.

இரண்டு கிலோ நூற்றுப் பத்து கிராம்.