பழைய காப்பியை அழித்துவிடவும்

தான் ஆபீஸ் குரூப்பில் அனுப்பிய அந்தச் செய்தி விஜயராணிக்கு மனப்பாடம். 'எல்லோருக்கும் வணக்கம். சர்வரில் ஹிஸ்டரி சுத்தம் செய்யப்பட்டுள்ளது. உங்களிடம் இருக்கும் பழைய காப்பி இனிமேல் செல்லாது. அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளவும்.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். முதல் கட்டைவிரல் சிவராஜுடையது.

மண்ணரை ஊரில் தங்கராஜின் பனியன் கம்பெனி. கீழே கட்டிங், மேலே தையல், அதற்கும் மேலே தகரக் கூரையை ஒட்டி ஏசி போட்ட ஒரு சின்ன அறை. அவள் வேலை அந்த அறையில். அம்மா பாண்டியம்மாள் கமுதிப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையோடு வந்து இதே கம்பெனியின் செக்கிங் மேஜையில் நின்றவள். அந்த வேலையை வாங்கித் தந்தவர் கட்டிங் மாஸ்டர் ராக்கையா. சொந்தமில்லை, ஊர்க்காரர், ஆனாலும் விஜயராணிக்கு அவர் மாமா. அம்மா இறந்தபோது கொள்ளிச்சட்டி தூக்கியதும் அவர்தான். கம்ப்யூட்டர் படித்த பெண் ஒன்று இருக்கிறது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னதும் அவர்தான்.

மேலறையில் எழுதப்பட்ட புரோகிராமுக்கு ஒரே வேலை. மாதிரித் துணியைத் துவைத்துப் பார்த்து, எவ்வளவு சுருங்கியது என்று கொடுத்தால், வெட்டும்போது நீளத்திலும் அகலத்திலும் எவ்வளவு கூட்டி விட வேண்டும் என்று ஒரு தாள் அடித்துத் தரும். மாஸ்டர் அதை மேஜையில் ஒட்டிக்கொண்டு வெட்டுவார். கைக்கணக்கு வேண்டாம், தாள்படி வெட்டுங்கள் என்பது தங்கராஜ் போட்ட சட்டம். ஒரு லாட் துணி வெட்டி முடிந்தால் தாளும் கட்டிங் வேஸ்டோடு மூட்டைக்குள் போய்விடும்.

தாள் போனாலும் கம்ப்யூட்டரில் கிட் என்ற பதிவேடு இருக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள். புரோகிராமில் யார் எதைத் தொட்டாலும், என்ன மாறியது, யார் மாற்றியது, எப்போது என்று கிட் ஒரு கமிட்டாகப் பதிந்துவைக்கும். பனியன் துணியில் ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணிக்குள் புகுந்து வருவதுபோல, ஒவ்வொரு கமிட்டும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதிலிருந்து கடைசி வரை பிரித்து மறுபடி பின்ன வேண்டும். பின்ன முடியும். ஆனால் அது வேறு துணி. பழைய துணி, ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பவர்களின் கம்ப்யூட்டரில் மட்டும் அப்படியே கிடக்கும்.

முதலாளியின் மருமகன் சிவராஜ் அந்த அறைக்குப் பொறுப்பாளனாக வந்தபோது, இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

"உங்க மெஷின்ல இருக்கிற வரைக்கும் என்னத்த வேணும்னாலும் பிரிச்சுக்கங்க சார். பேரு, தேதிகூட மாத்திக்கலாம். செக்கிங்குக்குப் போறதுக்கு முன்னால டெய்லர் பிரிச்சுத் தைக்கிற மாதிரி. சர்வர்ல ஏத்திட்டா தொடக் கூடாது. தப்புன்னா அதுக்கு மேல இன்னொரு கமிட் போட்டுத்தான் திருத்தணும். தப்பும் தெரியணும், திருத்துனதும் தெரியணும்."

"தப்பு எதுக்குங்க அக்கா தெரியோணும்?" என்று சிவராஜ் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பிறகொரு மதியம் அவன் வந்து நின்றான். "அக்கா, பழைய கமிட் மெசேஜெல்லாம் பாத்தீங்களா? வேலைய விட்டுப் போன முனீஸ் ஒண்ணுல கெட்ட வார்த்தை எழுதி வெச்சிருக்கானுங்க. சரக்கு வாங்குற பயர்கிட்ட இருந்து ஆடிட் வருது. நானே சுத்தம் பண்ணி ஏத்திட்டேன். குரூப்புல நீங்க ஒரு வார்த்தை போட்டுருங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

என்ன மாறியிருக்கிறது என்று அவள் திறந்து பார்க்கவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளை செய்ததைச் சரிபார்ப்பது முதலாளியையே சந்தேகப்படுவதுபோல ஆகிவிடாதா என்று ஒரு கூச்சம். செய்தியைப் போட்டாள். பழைய காப்பியை முதலில் அழித்தவளும் அவள்தான்.

அதற்குச் சில நாள் கழித்து, முன்பே வெட்டி அனுப்பிய குழந்தைகள் டீ-சர்ட் லாட் ஒன்றை பயர் வேண்டாம் என்றார். ஒரு தடவை துவைத்தால் பிள்ளைக்கு வயிறு தெரிந்தது. தங்கராஜ் அதே லாட்டுக்குத் தாள் அடித்துப் பார்க்கச் சொன்னார். அளவு சரியாக வந்தது. ஹிஸ்டரியைப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு வெட்டிய கையில்.

ராக்கையா படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். கத்திக்குப் போட்டுக்கொள்ளும் இரும்பு வலைக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"தாயி, நான் தாளப் பாத்துத்தான் வெட்டுனேன். அன்னைக்குத் தாள்ல என்ன இருந்துச்சுன்னு உன் பொட்டிக்குள்ள இருக்கும்ல? அது ஒண்ணையும் மறக்காதுன்னு நீதான சொல்லுவ."

"இருக்கும் மாமா. செத்த உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் தேடினாள். ஒவ்வொரு கமிட்டாக ஏறி இறங்கினாள். எழுதிய தேதிகள் பழையவை. ஆனால் சிவராஜின் ஒரு கமிட்டிலிருந்து கடைசிவரை, பதிந்த தேதி மட்டும் எல்லாவற்றுக்கும் அவன் சுத்தம் செய்த அந்த ஒரே மதியம். ஆனால் அது எதையும் நிரூபிக்காது. சுத்தம் செய்தது ஊருக்கே தெரியும். தெரிவித்தவள் அவள்.

ஊத்துக்குளியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நித்யஸ்ரீயைக் கூப்பிட்டாள்.

"நீங்க சொன்ன அன்னைக்கே அழிச்சுட்டனுங்க அக்கா. ஏனுங்க, தப்புங்களா?"

"தப்பில்லம்மா."

எல்லோரும் அழித்திருந்தார்கள். அவள் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பிருந்தது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

மிச்சம் முனீஸ். சுத்தம் செய்வதற்குச் சில நாள் முன்பு சண்டை போட்டுக்கொண்டு போனவன். இப்போது உடுமலைப்பேட்டையில் ஒரு காற்றாலை ஆபீஸில் இருக்கிறான். "குரூப்ல இருந்துதான் தூக்கிட்டாகளேக்கா, யாரு சொல்லி நான் அழிக்க?" என்றான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். அவனுடைய பழைய லேப்டாப்பில் அது அப்படியே இருந்தது. சிவராஜ் பெயர். நீளத்துக்குக் கூட்ட வேண்டிய வரியை அவன் கைதவறி எடுத்துவிட்டிருந்தான். ராக்கையா வெட்டிய அன்று தாள் அடித்தது அந்த வரி இல்லாத புரோகிராம். சுத்தம் செய்கிறேன் என்று அவன் மறைத்தது அதைத்தான்.

"நீ கெட்ட வார்த்தை எழுதுனியாமேடா. எங்க?"

முனீஸ் தன் கமிட்டைக் காட்டினான். 'இந்த வரி ஏன் வேலை செய்யுதுன்னு முருகனுக்குத்தான் தெரியும்.' இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். திரும்பும் பஸ்ஸில் பென்டிரைவைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் முதலாளி அறை. தங்கராஜ் சர்வரில் இருந்ததையும் பென்டிரைவில் வந்ததையும் இரண்டு திரைகளில் மாறி மாறிப் பார்த்தார். சிவராஜ் குரலே உயர்த்தவில்லை.

"மாமா, இதுல பேரு, தேதி எல்லாமே யாரு வேணும்னாலும் மாத்தி எழுதிக்கலாமுங்க. சண்டை போட்டுட்டுப் போன பையன் கம்ப்யூட்டருல இருந்து வந்திருக்குது. அக்காவேதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, மாத்தலாம்னு. இல்லீங்களா அக்கா?"

"மாத்தலாங்க," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஆனா இத மாத்தல."

தங்கராஜ் தன் போனை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "'பழைய காப்பி இனிமேல் செல்லாது.' நீதானே போட்டிருக்கற கண்ணு? செல்லாதத எதுக்குச் சாமி எடுத்துட்டு வந்தே?"

"சார் சொல்லித்தாங்க போட்டேன்."

"சுத்தம் பண்ணினேன்னு சொன்னனுங்க. அளவ மாத்தினேன்னு சொன்னனுங்களா?" என்றான் சிவராஜ். அதுவும் உண்மைதான். அவன் சொல்லவில்லை.

தங்கராஜ் போனைக் கவிழ்த்து வைத்தார். மருமகனைப் பார்க்காமல், சுவர் ஓரமாக நின்ற ராக்கையாவைப் பார்த்தார். தங்கராஜுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று விஜயராணிக்குத் தோன்றியது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"மாஸ்டரு, கோவிச்சுக்காதீங்க. பயருக்கு ஒரு பேரு சொல்லோணுமுங்க."

ராக்கையா கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது சின்னச் சங்கிலிபோல் சரிந்து சுருண்டது. "விடு தாயி. எதுக்கு உன் பொழப்பையும் கெடுத்துக்கிற," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கேட் வரை அவள் பின்னால் ஓடினாள். அவர் சைக்கிளின் பூட்டைத் திறந்தபடி கேட்டார்.

"நான் தப்பு வெட்டலன்னு அந்தப் பய பொட்டியில இருக்கா?"

"இருக்கு மாமா."

"அழியாதுல்ல?"

"அழியாது. நான் பாத்துக்கிறேன்."

அது போதும் என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றார். "அத வச்சு நான் என்னத்த தாயி பண்ண?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

மறுநாள் ஆத்தப்பன் புது மாஸ்டராக வந்தார். தாளின் தலைப்பில் மாஸ்டர் பெயர் வரும்; அதை மாற்றச் சொல்லி மேலே தகவல் வந்தது. விஜயராணி மாற்றினாள். திரையில் ராக்கையா என்ற வரி சிவப்பாகி, முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றது. அடியில் பச்சையில் ஆத்தப்பன். என்ன காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஏதோ அடித்து அழித்தாள், மறுபடி அடித்து அழித்தாள். கடைசியில் 'கட்டிங் மாஸ்டர் பெயர் மாற்றம்' என்று அடித்து சர்வரில் ஏற்றினாள்.

பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான் சிவராஜ்.

"மெசேஜ் சுத்தமா இருக்குதுங்க அக்கா," என்றான்.